பிளக்கைப் பிடுங்கினேன்

ஏழு குட்டை ஊதலும் ஒரு நெட்டை ஊதலும் ஊதி முடித்து, கப்பலின் ஐந்தாம் தளத்து வெளி நடையில், ஆரஞ்சு நிறப் படகுகள் தலைக்கு மேலே தொங்க, மூன்றாவது வரிசையில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் கருணாம்பாளுக்கு அது தோன்றியது. ஸ்ட்ரெய்ட்னரை அணைத்தோமா? தோன்றிய மாத்திரத்தில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அணைத்தது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த விஷயத்தைப் பற்றியே இப்படி ஒரு கேள்வி தனக்குள் எழும்படி தன்னைப் பழக்கிவிட்டார்களே என்கிற கோபம். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அடுப்பை அணைத்தால் அணைத்ததுதான், திரும்பிப் பார்க்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. இப்போது ஒரு குழாயை மூடிவிட்டு நாலு எட்டு வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் யாரோ "மூடினாயா?" என்கிறார்கள். அந்த யாரோவுக்குச் சில நேரம் மகன் பூபதியின் குரல், சில நேரம் மருமகள் வினோதினியின் குரல், பெரும்பாலும் கட்டிய புருஷன் சென்னியப்பனின் குரல். மூன்று பேரும் இப்போது அவளைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். பூபதிக்குச் சிங்கப்பூரில் வேலை. ஈரோட்டிலிருந்து அப்பனையும் ஆத்தாளையும் வரவழைத்து, நாலு நாள் கப்பலில் சுற்றிவிட்டு வரலாம் என்று கூட்டி வந்திருக்கிறான். கப்பல் இன்னும் துறைமுகத்தை விட்டு நகரவில்லை. கிளம்புவதற்கு முன்னால், தீப்பிடித்தால் எங்கே வந்து நிற்க வேண்டும், தண்ணீரில் மிதக்கிற காப்புச் சட்டையை எப்படி மாட்ட வேண்டும் என்று ஒத்திகை. எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒருவரும் இடத்தை விட்டு நகரக் கூடாதாம். ஒலிபெருக்கியில் ஒரு பெண் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். பாதி புரியவில்லை. ஆனால் ‘ஃபயர்’ என்பது புரியாமல் போகிற அளவுக்குக் கருணாம்பாள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்து காதில் விழுந்தது.

அணைத்தேன். அணைத்தது மட்டுமில்லை, பிளக்கையே பிடுங்கினேன். சரி, முதலிலிருந்து வருவோம் என்று அவள் புடவைக் கொசுவத்தை எண்ணுவது போல ஒவ்வொன்றாக எடுத்தாள். கப்பலேறும்போது பெட்டிகளை மிஷினுக்குள் விட்டார்கள். அங்கே சென்னியப்பனின் குட்டி அயர்ன் பாக்ஸையும், ஆறு ஓட்டை ஜங்ஷன் பாக்ஸையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் கப்பலுக்குள் ஆகாதாம், இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாமாம். அந்த மனுஷனுக்கு வந்ததே கோபம். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "முப்பத்தி நாலு வருசம் கரண்டோட குடித்தனம் பண்ணுனவனுக்கு அயர்ன் பாக்ஸ் போடத் தெரியாதுங்கறானா?" என்று கத்திவிட்டு, அந்தச் சீருடைக்காரனுக்குத் தமிழ் தெரியாது என்று கண்டதும் கோபத்தை இந்தப் பக்கம் திருப்பினார். "பெட்டி கட்டுனது நீதானொ? இதெல்லாம் விடுவாங்களா மாட்டாங்களான்னு விசாரிக்கோணுமா வேண்டாமா?" பெட்டிக்குள் அதைத் திணித்தது அவர். கட்டினதற்காகத் திட்டு வாங்கினது இவள். ஸ்ட்ரெய்ட்னரை மட்டும் தலைமுடிச் சாமான் என்று விட்டுவிட்டார்கள். இவள் தலையில் நாலு விரல் கொண்டைக்கு மேல் முடி ஏது? வினோதினி புதுசு வாங்கியபோது பழையதைத் தள்ளிவிட்டாள், இவள் அதைக் காட்டன் புடவையின் கொசுவத்துக்கு வைத்துக்கொண்டாள். மடிப்பை மடித்து மேலே ஒரு கிளிப்பைப் போட்டு, ஸ்ட்ரெய்ட்னரால் கவ்விக் கீழே வரை ஒரே இழு. ஒவ்வொரு மடிப்பும் கத்தி மாதிரி நிற்கும். ஃபோனில் ஒரு பெண் செய்து காட்டியதைப் பார்த்து, ஒரே தரத்தில் கற்றுக்கொண்டாள். மறதிக்காரி கற்றுக்கொள்கிற வித்தையா அது?

அறையைக் கவனிக்கிற ஆள் ஜெனிஸ்டன் என்று தூத்துக்குடிக்காரர், முப்பது வயது இருக்கும். தமிழ் முகங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி. எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தார். "முடிச் சாமான் எதுன்னாலும் இந்த மேசைச் சாக்கெட்டுல மட்டும் போடுங்கம்மா. பாத்ரூம்ல உள்ளது சேவிங் மிஷினுக்கு மட்டுந்தான். போட்டுட்டு அங்கிட்டு இங்கிட்டுப் போவாதீய. மெத்தை மேல வச்சிராதீய. ஆறுன பொறவுதான் பைக்குள்ள. கரையில தீன்னா வெளிய ஓடலாம், கப்பல்ல தீன்னா ஓடுததுக்கு எடம் கெடையாது பாத்தேளா." சொல்லிவிட்டு, கதவோரத்தில் அறைச் சாவி அட்டையைச் சொருகும் பொந்தைக் காட்டினார். அட்டையை உருவினால் அறையில் எல்லாமே அணைந்துவிடும், அதனால் மறந்து போனாலும் பயமில்லை என்றார். மறந்து போனாலும் என்றபோது பூபதி அம்மாவைப் பார்த்தான். அவன் பார்த்ததை அவள் பார்த்தாள்.

அந்தப் பார்வை இன்னமும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்க, மூன்று மணிக்கு அவள் புடவையை மேசைமேல் விரித்துக் கொசுவத்தைத் தேய்த்தாள். நம் ஊர் பிளக் நுழைகிற சாக்கெட் அந்த அறையில் ஒன்றே ஒன்று. தேய்த்து முடித்து ஸ்விட்சை அழுத்தினாள், சிவப்பு விளக்கு அணைந்தது, பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது பிளக்கின் பித்தளைப் பின் இரண்டும் விரல் கணுவில் பட்டுச் சுருக்கென்று சுட்டது. கட்டிலில் பனியனோடு படுத்திருந்தவர், "அதுல என்ற சார்ஜரைப் போடு" என்றார். போட்டாள். அவருடைய ஃபோனை எடுத்து மாட்டினாள். ஸ்ட்ரெய்ட்னரைக் கொண்டுபோய் குளியலறைக் கல்மேல் ஆற வைத்தாள். நாற்காலியில் அவருடைய வெள்ளைச் சட்டை கசங்கிக் கிடந்தது, கேப்டனோடு ஃபோட்டோ எடுக்கும்போது போடுவதற்கென்று கொண்டுவந்தது. "குடுங்க, சூடு இருக்கறப்பவே காலரை ரெண்டு இழு இழுத்துத் தாரேன்" என்றதற்கு, "வேண்டாம் போ, எவன் பாக்கறான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு புடவையைக் கட்டிக்கொண்டு, முந்தானைக்குப் பின் குத்திக்கொள்ளப் பக்கத்து அறைக்கு வினோதினியிடம் போனாள். அங்கே இருபது நிமிஷம். அங்கேயே ஊதல் கேட்டுவிட்டது. எல்லோருமாக நடைக்கு வந்தார்கள், அவரும் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் எவ்வளவு தெளிவாக இருக்கிறது. இதில் எங்கே ஓட்டை? ஓட்டையே இல்லை. இல்லாத ஓட்டைக்குள் விரலை விட்டு விட்டுப் பார்க்க வைத்துவிட்டார்களே பாவிகள்.

பால் பாத்திரத்தில் ஆரம்பித்தது. போன வருஷம் ஆடி மாசம் ஒரு சாயங்காலம், அவள் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் கரும்புகை. பால் வற்றி, பாத்திரம் அடிப்பிடித்துக் கரிக்கட்டையாகிவிட்டது. "நான் பால் வெக்கவே இல்லீங்க" என்றாள். "பின்ன பால் தானா நடந்து வந்து அடுப்புல ஏறிக்கிச்சாக்கும்?" என்றார் அவர். அப்புறம் மோட்டார். எதிர்வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தால் தொட்டி நிரம்பித் தெருவெல்லாம் ஆறாக ஓடுகிறது. மோட்டார் போட்டது நீதான் என்றார். நான் போகும்போது குளித்துக்கொண்டிருந்தது நீங்கள்தானே என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மின்வாரியத்தில் இருந்தவர் மோட்டாரை மறப்பாரா என்று ஊரே கேட்கும், தெரு முழுக்கத் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது, விழுங்கிக்கொண்டாள். அப்புறம் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த புறக்கடைக் கதவு. ஒவ்வொன்றும் ஃபோனில் சிங்கப்பூருக்குப் போயிற்று. ஒரு நாள் எழுந்து பார்த்தால், அடுப்புக்கு மேலே சுவரில் ஆபீஸிலிருந்து எப்போதோ கொண்டுவந்த மண்டையோட்டுப் படம் போட்ட ‘அபாயம்’ அட்டை ஒட்டியிருந்தது. அதன் கீழே அவர் கையெழுத்தில், சிவப்பு மையில், "அணைத்தாயா?" அவளுடைய அடுப்படியில்! முப்பத்தொன்பது வருஷம் அவள் ஆண்ட இடத்தில் மண்டையோடு! பால்காரர் பார்த்துச் சிரித்தார். வேலைக்கு வருகிற பெண் சிரித்தாள். அன்றைக்கு அழவில்லை, இன்றைக்கு நினைத்தால் கண்ணைக் கரிக்கிறது. இத்தனைக்கும் இவளுக்கா மறதி? பூபதியின் பத்தாம் வகுப்புப் பரீட்சை நம்பரை இன்னும் சொல்லுவாள். கல்யாணத்துக்கு வந்தவர்களில் யார் சாப்பிடாமல் போனார்கள் என்று சொல்லுவாள். இந்தக் கப்பலில் அறை நம்பர் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலு. அதை ஒரே தரம் பார்த்தாள், போதும். ஆனால் அந்த மனுஷன் காலையிலிருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார், "நம்ம ரூம் எத்தனாவது மாடி?" என்று. சொல்லுவதற்குத்தான் இவள் ஒருத்தி இருக்கிறாளே, அவர் எதற்குத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? இரண்டாம் தரம், "ஆறு, ஆறு, ஆறு! காதுல பஞ்சா?" என்று சிடுசிடுத்தாள்.

கோயமுத்தூரில் ஞாபக மறதிக்கு என்றே ஒரு டாக்டராம். இருபத்தி மூன்றாம் தேதிக்குப் பதிவு பண்ணியிருக்கிறார்கள். அதற்கப்புறம் சமைக்க ஆள் வைப்பதாம், கேஸ் சிலிண்டரை எடுத்துவிடுவதாம், வீட்டுச் சாவிக் கொத்து சென்னியப்பன் இடுப்புக்குப் போவதாம். எல்லாவற்றையும் அவளை வைத்துக்கொண்டே பேசினார்கள். விமானத்தை விட்டு இறங்கியதுமே அவள் பூபதியிடம் கேட்டேவிட்டாள். "ஏஞ் சாமி, என்னைப் பாத்தா உனக்கு லூசாட்டத் தெரியுதா?" அவன் சிரித்து, அவள் கையைத் தட்டிக் கொடுத்து, "அப்படியில்லீங்கம்மா. இந்த நாலு நாள் பாப்போம். ஒண்ணுமே மறக்காம இருந்தீங்கன்னா நானே டாக்டரை கேன்சல் பண்ணிடறேன், சரிங்களா?" என்றான். சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் காட்டுகிற மாதிரி. பெற்ற மகன் ஆத்தாளுக்குப் பரீட்சை வைக்கிறான். கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஏனென்றால் அந்தப் பரீட்சையில் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு அப்போதே வெறி வந்துவிட்டது. நாலு நாள். ஒரு செருப்பு, ஒரு சீப்பு, ஒரு மாத்திரை மறக்கக் கூடாது. நாலாம் நாள் இறங்கும்போது, போடு ஃபோனை, பண்ணு கேன்சலை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இன்றைக்கு முதல் நாள், அதிலும் பாதிதான் ஆகியிருக்கிறது.

ஆகவே வாயைத் திறக்கக் கூடாது. "ஸ்ட்ரெய்ட்னரை அணைச்சனான்னு சந்தேகமா இருக்குது" என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் போதும், இருபத்தி மூன்றாம் தேதி நிச்சயம். பூபதி மருமகளைப் பார்ப்பான், மருமகள் மாமனாரைப் பார்ப்பாள், மாமனார் "நான் சொல்லல?" என்பது போல மோவாயை ஆட்டுவார். அணைந்துதான் இருக்கிறது, அப்புறம் எதற்கு? ஆனால் அந்தப் பின் சுட்டது இன்றைக்கா? நேற்றும் சிங்கப்பூரில் பூபதி வீட்டில் இதே புடவையின் ஜோடியைத் தேய்த்தாள், நேற்றும் பிளக்கைப் பிடுங்கினாள். நேற்றுச் சுட்டதைத்தான் இன்றைக்குச் சுட்டதாக நினைக்கிறோமோ? சார்ஜரைப் போடச் சொன்னது நேற்றா இன்றா? இல்லை, இன்றுதான், பனியனோடு படுத்திருந்தார். நேற்றும் பனியனோடுதானே படுத்திருந்தார், அந்த மனுஷன் என்றைக்குப் பனியனைக் கழற்றினார்? காப்புச் சட்டையின் ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. அது ரப்பர்தானா, கருகலா? முன்னால் நின்ற சீனத்துக் கிழவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். வெயில் பக்கவாட்டில் இறங்கி இரும்புத் தரையில் அடித்துப் புடவைக்குள் ஏறியது. கொசுவம் மட்டும் குலையாமல், என்னவோ அதற்கு ஒன்றுமே தெரியாதது போல நின்றது. பரவாயில்லை, அணைக்காமலே இருந்தாலும்தான் என்ன, கதவோரம் அட்டையை உருவினால் எல்லாம் போய்விடும் என்று ஜெனிஸ்டன் சொன்னாரே என்று ஒரு நிம்மதி வந்தது. வந்த சுருக்கிலேயே போயிற்று. சென்னியப்பன் உருவினார்தான். உருவிவிட்டு, தன் பென்ஷன் அடையாள அட்டையை எடுத்து அந்தப் பொந்தில் சொருகிவிட்டார்! "இது வெறும் சுவிச்சுதான் புள்ள. எந்த அட்டையைச் சொருகுனாலும் ஓடும். நாம திரும்பி வாரப்ப ரூம்பு ஜில்லுன்னு இருக்கோணுமல்ல?" என்று அறைக்கு வந்த அரை மணியிலேயே அந்த வித்தையைக் காட்டி, பூபதியிடம் பாராட்டும் வாங்கிக்கொண்டார். ஊரெல்லாம் கரண்டு சிக்கனம் பேசினவர். அந்த அட்டை அங்கே இல்லாமல் இருந்தால் இந்தப் பாழாய்ப்போன கேள்வியே இல்லை. அதைச் சொருகினவர் கெட்டிக்காரர், இவள் மறதிக்காரி. என்ன நியாயம் இது, எந்தக் கோர்ட்டு நியாயம்?

அவர் பக்கத்திலேயே, கட்டம் போட்ட டீ-சர்ட்டில், தலைக்கு மேலே தொங்கும் படகை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடைக்கு வந்தபோதே கேட்டாள், "வெள்ளைச் சட்டை போடறேன்னீங்களே, என்னாச்சுங்க?" "என்ன வெள்ளைச் சட்டை?" என்றார். வம்பு. கேட்டதற்கு நேராக ஒரு பதில் இந்த ஜென்மத்தில் வராது. பொய் சொல்லும்போது மட்டும் இடது காது மடலைத் தேய்த்துக்கொள்வார், அது ஒன்றுதான் அவரிடம் நேராகத் தெரிகிற விஷயம். இப்போது அவர் டீ-சர்ட்டுக்குக் கீழே கையை விட்டு ஃபோனை எடுத்தார். படகை ஃபோட்டோ பிடிக்க வேண்டுமாம். தூக்கிப் பிடித்தார். அழுத்தினார். திரும்ப அழுத்தினார்.

"ஏனொ, இது செத்துக் கெடக்குதே. துளி சார்ஜ் இல்ல. நீ போடறேன்னல்ல?"

போட்டேன் என்று சொல்ல வாயெடுத்த கருணாம்பாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று மணிக்குப் போட்டிருந்தால் இதற்குள் பாதியாவது ஏறியிருக்கும். ஏறவில்லையென்றால் போடவில்லை. போடவில்லையென்றால் அந்தச் சாக்கெட்டில் சார்ஜர் இல்லை. அந்தச் சாக்கெட்டில் சார்ஜர் இல்லையென்றால் அதில் என்ன இருக்கிறது? அப்படியென்றால் பிளக் சுட்டதும், அவர் சொன்னதும், கல்மேல் ஆற வைத்ததும் எல்லாமே நேற்றையதா, அல்லது நடக்கவே நடக்காததா? அவர்கள் சொன்னதெல்லாம் சரிதானா? பால் பாத்திரத்தை வைத்தது நான்தானா? மோட்டாரைப் போட்டதும் நான்தானா? ஒன்றரை வருஷமாக இல்லை இல்லை என்று சண்டை போட்ட இந்தத் தலைக்குள் நிஜமாகவே ஏதோ கழன்று போய், கழன்றது எனக்கே தெரியாமல் இருக்கிறதா? இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஓடுததுக்கு எடம் கெடையாது பாத்தேளா. எத்தனை ஆயிரம் பேர் இந்தக் கப்பலில். முன்னால் இந்தக் கிழவர், அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவர் பெண்டாட்டி, படிகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். இவள் மானத்துக்காக அவர்கள் எரிய வேண்டுமா? சொன்னால் அடுப்படி போகும், சாவி போகும், இனி எந்த வார்த்தை சொன்னாலும் மறதிக்காரி சொல்வதுதானே என்பார்கள். போகட்டும். எல்லாம் போய்த் தொலையட்டும். அவ்வளவு ஆத்திரத்திலும் அவளுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. கையைத் தூக்கி, வரிசையின் ஓரத்தில் பெயர்ப் பட்டியலோடு நின்ற ஜெனிஸ்டனைக் கூப்பிட்டாள்.

"தம்பி! இங்க வாங்க. என்ற ரூம்புல அந்த முடிச் சாமான் ஓடிக்கிட்டிருக்குமாட்டத் தோணுதுங்க. சீக்கிரம் ஆளை அனுப்பிப் பாருங்க."

ஜெனிஸ்டன் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்து அறை நம்பரைச் சொன்னார். "நீங்க சொன்னதே போதும்மா. பயராதீய, ஆறாவது தளத்துல ஆள் நிக்கி, நானும் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று பட்டியலைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்துப் பக்கத்து வரிசைகள் திரும்பின. பூபதி கண்ணை மூடித் திறந்தான். "அம்மா..." என்றான். அவ்வளவுதான் சொன்னான், அந்த ஒற்றை வார்த்தையை எவ்வளவு நீளமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நீளமாக. வினோதினி அவள் முதுகில் கையை வைத்து, "விடுங்க அத்தை, பரவாயில்ல" என்றாள். கருணாம்பாளுக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. பரவாயில்லை என்று சொல்ல நீ யார்? சென்னியப்பன் மோவாயை ஆட்டினார். அவள் நினைத்தது நினைத்தபடியே ஆட்டினார். "நான் சொல்லல? இதுக்குத்தான் அடுப்புக்கு மேல அட்டை ஒட்டுனேன்." ஒலிபெருக்கிப் பெண் இப்போது காப்புச் சட்டையின் விசிலை ஊதிக் காட்டச் சொன்னாள். சில பிள்ளைகள் ஊதின. ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு போயிற்று. மேல் தளங்களில் புகை தெரிகிறதா என்று பார்த்தாள். புகைக்கூண்டிலிருந்து வந்த புகையை ஒரு தரம் தன் அறைப் புகை என்றே நினைத்துவிட்டாள். எல்லாரும் பார்க்கட்டும். நான் மறந்தவள்தான். ஆனால் மறந்ததை மறைக்காதவள். உங்களில் எவர் கையைத் தூக்கியிருப்பீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம். இதை இவர்களிடம் சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கினாள்.

ஜெனிஸ்டன் திரும்பி வந்தார். கூடவே வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் அதிகாரி. அந்தப் பெண் இங்கிலீஷில் பூபதியிடம் பேசினாள். பூபதியின் முகம் சிவந்தது. அவன் பதில் சொன்னதில் ‘மதர்’ என்பதும் ‘மெமரி’ என்பதும் ‘சாரி’ என்பதும் கருணாம்பாளுக்குத் துண்டுதுண்டாகக் காதில் விழுந்தன. விற்றுவிட்டான். நாலு வார்த்தையில் பெற்றவளை விற்றுவிட்டான்.

"ஓடிக்கிட்டுதாம்மா இருந்துச்சு" என்றார் ஜெனிஸ்டன் தணிந்த குரலில். "மெத்தை மேல. நல்லவேளை, கவ்வுன எடம் மட்டும் கருகியிருக்கு, போர்வைல பிடிக்கல. இன்னும் பத்து நிமிசம் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியாது. நீங்க சொன்னதுனால தப்பிச்சோம்மா."

"மெத்தை மேலயா?" என்றாள் கருணாம்பாள். "நான் கல்லு மேலதானுங்க வெச்சேன்."

"மெத்தை மேலதாம்மா. சார்ஜரைக் கழட்டித் தரையில போட்டிருந்துச்சு. முடிச் சாமான் கவ்வுன நடுவுல இது இருந்துச்சு." கையிலிருந்த பிளாஸ்டிக் பையை விரித்தார். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை. காலரின் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பாகத் தீய்ந்து, நடுவில் கறுத்துப் பொத்தல் விட்டிருந்தது. சட்டைக்கு மேலே, கதவோரப் பொந்திலிருந்து எடுத்த பென்ஷன் அட்டை. அதில் சென்னியப்பனின் முகம், நாலைந்து வருஷத்துக்கு முந்தியது.

கருணாம்பாளுக்கு முதலில் தலைக்குள் ஒரு பெரிய வெளிச்சம் அடித்தது. பிடுங்கினேன். நான் பிடுங்கினேன். சார்ஜரைப் போட்டேன், கல்மேல் வைத்தேன், எல்லாம் இன்றைக்குத்தான், எல்லாம் நிஜம். இவள் பக்கத்து அறைக்குப் போன பிறகு இந்த மனுஷன் எழுந்திருக்கிறார், சார்ஜரைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார், காலரைத் தேய்த்திருக்கிறார், ஊதலைக் கேட்டதும் அப்படியே விட்டுவிட்டுக் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வந்து, ஒன்றும் தெரியாதவர் போல மோவாயை வேறு ஆட்டுகிறார்! ஒன்றரை வருஷத்துக் கோபமும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது. இன்றைக்கு இத்தனை பேர் முன்னால், இங்கேயே, பால் பாத்திரத்திலிருந்து மண்டையோடு வரைக்கும் எல்லாவற்றுக்கும் கேட்டுவிடுவது என்று பையிலிருந்து சட்டையை உருவி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"யாருங்க சட்டை இது? சொல்லுங்க. யாரு சட்டை?"

சென்னியப்பன் சட்டையைப் பார்த்தார். கிட்டே வாங்கி, பொத்தலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மின்கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கிறவரின் அதே நிதானத்தோடு, யாரோ செய்த தப்பை ஆராய்கிறவர் போலப் பார்த்தார்.

"பூபதி சட்டையாட்ட இருக்குது" என்றார். "ஏஞ் சாமி, இப்பிடியா தேய்ப்பாங்க?"

அவள் அவர் இடது கையைப் பார்த்தாள். அது காதுக்குப் போகும், போயே தீர வேண்டும். போகவில்லை. கை சட்டையின் மேலேயே இருந்தது. கண்ணைப் பார்த்தாள். அதில் கள்ளம் இல்லை, குறும்பு இல்லை, ஒன்றுமே இல்லை. அங்கே ஒரு வெள்ளைச் சட்டை இருந்ததற்கான அடையாளமே இல்லை. பாலைக் காய்ச்சினவரும், மோட்டாரைப் போட்டவரும், கதவைத் திறந்தவரும் அப்படித்தான் அவளைப் பார்த்திருக்க வேண்டும். அவள் கோபத்தில் கண்ணைப் பார்க்கவில்லை. அடுப்புக்கு மேலே ஒட்டின அட்டை ஞாபகம் வந்தது. அணைத்தாயா? யாரைப் பார்த்து எழுதினார் அதை? அடுக்கி வைத்த அத்தனை வார்த்தைகளும் அப்படியேதான் இருந்தன. சொல்லத்தான் ஆள் இல்லை. கோபம் போகவில்லை. இன்னும் நிறையவே இருந்தது. யார் மேலே என்றுதான் தெரியவில்லை.

ஒத்திகை முடிந்து வரிசைகள் கலைந்தன. ஆளுக்கு ஆள் முண்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார்கள். சென்னியப்பன் கூட்டத்தின் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"கருணா, நம்ம ரூம்பு எத்தனாவது மாடி?"

"ஆறாவதுங்க" என்றாள். "இருங்க, நானும் வாரேன்." தீய்ந்த சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்து இடுக்கிக்கொண்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பூபதி இன்னும் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் ஓடாத முகம். பழைய பாடத்தையே ஒப்பிப்பது போல, "அம்மா, எப்படியும் இருபத்தி மூணாந் தேதி டாக்டர்கிட்ட..." என்று ஆரம்பித்தான்.

"போலாஞ் சாமி" என்றாள் கருணாம்பாள். "கேன்சல் பண்ணிப்போடாதே. பேரை மட்டும் மாத்திச் சொல்லிரு."